துண்டும் நிரலும்: பொறிவிட்டுப் பொறி பெயர்தலின் வரலாறு

சப்பிரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களிலே, யட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கத்து இறப்பர்த் தோட்டங்கள் தொட்டு இறக்குவானை, பலாங்கொடைத் தேயிலை மலைகள்வரை, 'துண்டு' என்ற எளிய தமிழ்ச் சொல் ஒரு காலத்தில் தனிப்பொருள் பூண்டு வழங்கியது. ஒரு தோட்டத்தை விட்டு வேறொரு தோட்டத்திற்குச் செல்ல விரும்பிய தொழிலாளர் கூட்டம், முன்னைத் தோட்டத்துத் துரை கையொப்பமிட்ட துண்டுத்தாள் ஒன்றைக் கைக்கொண்டு செல்ல வேண்டியிருந்தது. இவர்கள்மேல் இவ்வளவு கடன் நிற்கின்றது. அதனைச் செலுத்தின் இவர்களை விடுவிப்போம் என்பதே அத்தாளின் சாரம். கடன் கங்காணியின் கணக்கிலே ஏறியது. தொழிலாளியோ அக்கணக்கைப் படித்தறியான். இம்முறை மலைநாட்டுத் தோட்டங்கள் எங்கணும் நிலவிற்று. சப்பிரகமுவத்திற்கு மட்டும் உரியதன்று. 1921ஆம் ஆண்டுத் தொழிலாளர் கட்டளைச் சட்டம் அதனை ஒழித்தது. ஆங்கிலேயர் தம் சட்ட ஏடுகளிலும் இச்சொல்லை மொழிபெயர்க்காது தமிழொலியிலேயே எழுதினர். தம் மொழியில் அதற்கு ஈடான சொல் அவர்க்குக் கிடைத்திலது போலும்.

மாந்தர் பட்ட துயரைக் கணினியின் நிரலோடு வைத்து எண்ணுதல் முறையன்று. ஆயினும் ஓரிடம் விட்டு ஓரிடம் பெயர்தலைத் தடுப்பது, பிறந்த இடத்திற்கு அறியாமலே பட்டுவிட்ட கடன் என்பதைத் துண்டின் வரலாறு தெளிவுறக் காட்டுகின்றது. கணினி நிரலும் தான் பிறந்த பொறிக்குப் பல கடன்கள் பட்டிருக்கின்றது. முழுவெண் எத்தனை பிற்று நீளமுடையது, பைற்றுக்கள் எம்முறையில் அடுக்கப்படும், கோப்பின் பெயரில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறாகுமா, வரியின் முடிவு எக்குறியால் காட்டப்படும், காலத்தை எந்நாள் முதலாக எண்ணுவது என்றாங்கு அவை விரியும். எழுதுவோன் இவற்றுள் ஒன்றையும் தன் கையால் எழுதுவதில்லை. எழுதாமலே நிரலுள் அவை புகுந்து விடுகின்றன. வேறொரு தொகுப்பியிடம், வேறொரு பணிசெயல் முறைமையின்கீழ், அதே மூலநிரலைக் கொடுக்கும்போதே கடன்காரர் ஒவ்வொருவராய் வாயிலில் வந்து நிற்பர். எழுதியவாறே எப்பொறியிலும் தொகுக்கப்பெற்று ஒரே விளைவைத் தரும் இயல்பை நிரலின் பெயர்வியல்பு எனலாம். அதனைத் தேடி அறிஞர் நடந்த வழியும், அத்தேட்டம் சப்பிரகமுவத் தோட்டப்புறத் தமிழரின் எழுத்தையும் பிறந்தநாளையும் குடியுரிமை நாளையும் எவ்வாறு தொடுகின்றது என்பதும் ஈண்டு ஆராயத்தக்கன.

கணினி தோன்றிய காலத்தில் இவ்வினா எழுந்ததில்லை. 1940களின் இறுதியிலும் 1950களின் தொடக்கத்திலும் ஆக்கப்பெற்ற பொறி ஒவ்வொன்றும் தனித்தனி நாடு போன்றது. அதனதன் கட்டளைத் தொகுதியே அதனதன் மொழி. பொறி கழிக்கப்பட்ட அன்றே அதன் நிரல்களும் உடன்கட்டை ஏறின. 1957இல் ஜோன் பக்கஸ் என்பாரின் தலைமையில் ஐ.பி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட போட்ரான் மொழி, கணிதக் குறியீட்டை ஒத்த நடையில் நிரலெழுத வழி வகுத்தது. அது மாந்தர் மொழிக்கு அணித்தாயினும், ஐ.பி.எம். 704 என்னும் பொறியின் வாசனை அதனைவிட்டு நீங்கவில்லை. ஓரெண் சுழியிற் குறைந்ததா, சுழியா, மிகுந்ததா என மும்முனையாகக் கிளைக்கும் அதன் நிபந்தனைக் கூற்று, 704இன் ஒப்புநோக்கும் கட்டளையோடு இயைந்து பிறந்தது. பொறியின் முகப்பிலே உள்ள விளக்கு எரிகின்றதா என வினவும் கூற்றும் அம்மொழியில் இருந்தது. விளக்கே இல்லாத பொறியில் அக்கூற்றுக்குப் பொருள் யாது? பல நிறுவனத்தார் தத்தம் போட்ரானை ஆக்கிக்கொள்ள, ஒரே பெயரில் பல மொழிகள் உலவலாயின. 1966இல் அமெரிக்கத் தர நிறுவனம் போட்ரானுக்கு விதி வகுத்தது. நிரல்மொழி ஒன்றுக்கு அவ்வாறு பொதுவிதி எழுதப்பெற்றது அதுவே முதன்முறை.

வணிகக் கணக்கினர் இத்துறையில் அறிவியலாரினும் முந்திக்கொண்டனர். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை பல வகைப் பொறிகளை வாங்கிக் குவித்து, ஒன்றன் நிரல் மற்றொன்றில் ஓடாமையால் பெரும் பொருளை இழந்து வந்தது. அதன் அழைப்பின்பேரில் 1959இல் அரசினரும் பொறியாக்குவோரும் பயனாளரும் கூடிக் கோபோல் மொழியை வரைந்தனர். 1960 டிசம்பர் 6, 7ஆம் நாட்களில், ஏறத்தாழ ஒன்றேயான கோபோல் நிரல், போட்டி நிறுவனங்கள் இரண்டின் பொறிகளாகிய ஆர்.சி.ஏ. 501, யுனிவாக் 2 ஆகியவற்றில் அடுத்தடுத்து ஓடிக் காட்டிற்று. பெயர்வியல்பின் வரலாற்றில் அந்நாட்கள் பெருநாட்கள். நிரலில் சில மாற்றங்கள் வேண்டியிருந்தன என்பதும் உண்மை. 'ஏறத்தாழ' என்ற சொல்லை நீக்கவே பின்வந்தோர் பாடுபட்டனர்.

1964 ஏப்பிரல் 7ஆம் நாள் ஐ.பி.எம். நிறுவனம் தன் 360 வரிசையை அறிவித்தது. சிறியது முதற் பெரியதுவரை அவ்வரிசைப் பொறிகள் எல்லாம் ஒரே கட்டளைத் தொகுதியை உடையன. நிரலைப் பெயரச் செய்தற்குப் பதிலாகப் பொறிகளையே ஒருமைப்படுத்திய இவ்வழி வணிகத்தில் பெருவெற்றி கண்டது. ஆயின் அது ஒரு நிறுவனத்தின் வேலிக்குள் மட்டுமே கிட்டிய விடுதலை.

வேலியைத் தாண்டியோர் யுனிக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையை ஆக்கியோரே. பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் றிச்சி ஆகியோர் 1969இல் தொடங்கிய யுனிக்ஸ், முதலிற் பொறிமொழியிலேயே எழுதப்பட்டது. 1973இல் அதன் கருவை றிச்சி வகுத்த சி மொழியில் மாற்றி எழுதினர். பணிசெயல் முறைமையை உயர்மொழியில் எழுதுதல் அன்று பலர்க்கு வீண்செலவாகவே தோன்றியது. அச்செலவின் பயன் நான்கு ஆண்டுகளில் வெளிப்பட்டது. 1977இல் அவுஸ்திரேலியாவின் வொலங்கொங் பல்கலைக்கழகத்தில் றிச்சட் மில்லர் யுனிக்சை இன்ரடேற்றா 7/32 என்னும் பொறிக்குப் பெயர்த்தார். தொடக்கத்தில் அவர் அதனை அப்பொறிக்குரிய பணிசெயல் முறைமையின்மேல் ஒண்டுக்குடியாக ஓடவிட்டார் என்பது சுவையான செய்தி. அதே காலத்தில் பெல் ஆய்வுகூடத்திலே ஸ்டீவன் ஜோன்சனும் றிச்சியும் இன்ரடேற்றா 8/32 பொறியில் அதே பணியை மேற்கொண்டனர். ஒருவரை ஒருவர் அறியாது இரு கண்டங்களில் ஒரே காலத்தில் ஒரே வேலை நடந்தேறிற்று.

இம்முயற்சியிற் கண்ட இடர்கள் பின்னைய எல்லா இடர்களுக்கும் வித்தாவன. யுனிக்ஸ் வளர்ந்த பி.டி.பி. 11 பொறி 16 பிற்றுடையது. இரு பைற்றுக் கொண்ட சொல்லில் சிறுமதிப்புடைய பைற்றை முன்வைப்பது. இன்ரடேற்றா 32 பிற்றுடையது; பெருமதிப்புடையதை முன்வைப்பது. இவ்வேறுபாட்டால் 'யுனிக்ஸ்' என்ற சொல்லின் ஆங்கில எழுத்துக்கள் இரண்டிரண்டாய் இடம் மாறி 'நுக்சி' என அச்சிட்டன என ஒரு கதை இன்றும் வழங்கும். அதனினும் ஆழமான இடர் வேறொன்று. பி.டி.பி. 11இல் முழுவெண்ணும் நினைவக முகவரியும் ஒரே நீளமுடையன. ஆகவே ஒன்றை மற்றொன்றின் இடத்தில் எழுதுதல் எழுதுவோர்க்குக் கைப்பழக்கமாகிவிட்டது. அது பிழை என்பதைப் பழைய பொறி ஒருபோதும் எடுத்துச் சொல்லவில்லை. புதிய பொறியே சொல்லிற்று. வகைகளைக் கண்டிப்பாக வேறுபிரித்தல், குறியற்ற முழுவெண்ணைச் சேர்த்தல் முதலிய திருத்தங்கள் சி மொழியில் நுழைந்தது இக்காலத்திலேயே. ஜோன்சன் பல பொறிகளுக்கு ஏற்ப எளிதில் மாற்றத்தகும் தொகுப்பி ஒன்றை ஆக்கினார். வேறு பொறியிற் சென்றால் இடறக்கூடிய இடங்களைத் தேடிக் குறைகூறும் 'லின்ற்' என்னும் சோதனை நிரலும் அவரதே. ஊர் விட்டு ஊர் போகுமுன் கடன்பட்டியலை எடுத்துக் காட்டும் கணக்கப்பிள்ளை அது.

1983இல் அமைந்த குழு 1989இல் சி மொழிக்கு அமெரிக்கத் தேசிய விதியை நிறைவேற்றிற்று. அடுத்த ஆண்டில் அஃது அனைத்துலக விதியாயிற்று. அவ்விதி நூலின் அமைப்பு தமிழிலக்கணம் கற்றார்க்குப் புதிதன்று. நம் உரையாசிரியர் சொல்லை வழாநிலை, வழு, வழுவமைதி எனப் பகுத்தனர். அவ்வந் நிலத்தார்க்கே உரிய சொற்களைத் திசைச்சொல் என ஒதுக்கி ஏற்றனர். சி விதிநூலும் இவ்வாறே பகுக்கின்றது. எத்தொகுப்பியும் ஏற்று ஒரே பொருள் கொள்ள வேண்டிய கூற்றுக்கள் உள, அவை வழாநிலை. தொகுப்பியை ஆக்குவோன் தன் விருப்பப்படி முடிவுசெய்து, அம்முடிவை எழுதியும் வைக்கவேண்டிய இடங்கள் உள; அவை திசைச்சொல் போல்வன. விதிநூல் எப்பொருளும் கற்பியாது கைவிட்ட இடங்களும் உள. ஒரே கூற்றில் ஒரு மாறியை இருமுறை மாற்றுதலும், குறியுடைய முழுவெண் தன் எல்லை கடந்து பெருகுதலும் அத்தகையன. இவை வழு. ஆயின் தமிழில் வழுப்படப் பேசுவானைக் கேட்போர் உடனே திருத்துவர். சி மொழியின் வழுவையோ தொகுப்பி பெரும்பாலும் வாய்திறவாது ஏற்றுக்கொள்ளும். ஒரு பொறியில் விரும்பிய விளைவையே தந்தும் விடும். எழுதுவோன் அதனைச் செந்தமிழென்றே நம்பியிருப்பான். 'என் பொறியில் ஓடுகின்றதே' என்ற சொல், கணினித் தொழிலிலே மிகுதியாகச் சொல்லப்பட்டதும் மிகக் குறைந்த பொருளுடையதுமான சொல்லாதல் இதனாலேயே.

மொழிக்கு விதி வந்தபின்னும் பணிசெயல் முறைமைகள் வேறுபட்டே நின்றன. யுனிக்ஸ் வகைகளுக்குப் பொதுவிதியாகப் பொசிக்ஸ் 1988இல் வெளிவந்தது. விண்டோஸ் தனிவழி சென்றது. இவ்வேறுபாடுகளைச் சமாளிக்க எழுதுவோர் முதலிற் கைக்கொண்டது, 'இன்ன முறைமையாயின் இது, அன்றேல் அது' என நிபந்தனை வரிகளை நிரல் முழுதும் தூவும் வழி. அதனைக் கண்டித்து ஹென்றி ஸ்பென்சர், ஜெவ் கொலியர் ஆகிய இருவர் 1992இல் எழுதிய கட்டுரை இன்றும் கற்கத்தக்கது. வேறுபாடுகளைச் சில கோப்புக்களுள் ஒடுக்கி, எஞ்சிய நிரலை அவற்றிலிருந்து காத்தலே நெறி என்பது அவர் கொள்கை. 1991இல் டேவிட் மக்கென்சி தொடங்கிய 'ஓட்டோகொன்ப்' வேறொரு நுட்பத்தைக் கையாண்டது. இது எந்த முறைமை எனப் பெயர் கேட்பதை விட்டு, இந்தச் சார்பு இங்கே உளதா, இந்த வகை எத்தனை பைற்று என ஒவ்வொன்றையும் சிறு நிரல் தொகுத்துச் சோதித்தறிந்தது. குலம் கேளாது குணம் கேட்ட இம்முறை, அதுவரை எவரும் கேள்விப்படாத பொறிகளிலும் நிரல்களைக் குடியேற்றிற்று.

இனி இலங்கைக்கு வருதல் தகும். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கரையோரத்தை அழித்தபோது, காணாமற்போனோரையும் முகாம்களையும் உதவிப் பொருட்களையும் பதிவுசெய்ய மென்பொருள் எதுவும் ஆயத்தமாக இருந்திலது. நாட்டின் மென்பொருளாளர் தொண்டர்களாகக் கூடிச் சில நாட்களிலேயே 'சகானா' என்னும் கட்டற்ற மென்பொருளை ஆக்கினர். லங்கா மென்பொருள் மன்றம் அதற்குத் தாங்கலாயிற்று. பேரிடர்க் காலத்தில், வேண்டிய கணினியைத் தெரிந்து வாங்க நேரமில்லை. கிடைத்த கணினியிலேயே மென்பொருள் ஓடியாதல் வேண்டும். இவ்வுண்மை சப்பிரகமுவத்தார்க்கு விளக்க வேண்டாதது. 2003 மே மாதத்து வெள்ளமும் மண்சரிவும் இரத்தினபுரி மாவட்டத்தைச் சிதைத்தன. 2016 மே மாதத்தில் கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் மலையே சரிந்தது. புளத்கொஹுபிட்டியப் பகுதியிலோ தோட்ட லயங்கள் மண்ணுள் மறைந்தன. மலைச்சரிவில் லயத்தை அமைத்த பழைய தோட்டநிர்வாகம் அங்கு வாழ்வோரின் உயிரைக் கணக்கில் எடுக்கவில்லை என்பது வேறு கதை. அத்தகைய நாட்களில் பிரதேச செயலகத்தின் பழங்கணினியும் பாடசாலையின் இரவற் கணினியும் தொண்டரின் மடிக்கணினியும் ஒரே பதிவேட்டை ஏந்த முடியாவிடின், ஒருவர் பெயர் ஒரு பட்டியலில் உயிரோடும் மற்றொன்றில் காணாமலும் நிற்கும். சகானா பின்னர்ப் பாகிஸ்தானின் 2005 நிலநடுக்கத்திலும், 2006இல் பிலிப்பைன்சிலும் இந்தோனேசியாவிலும் பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் மன்றம் 2006ஆம் ஆண்டுக்குரிய சமூகப்பயன் விருதை அதற்கு வழங்கிற்று.

சகானா பி.எச்.பி. மொழியில் எழுதப்பட்டது, ஆகவே பொறிவேற்றுமையின் சுமை பெரிதும் அம்மொழியை ஆக்கியோர் தோளில் இருந்தது. அச்சுமையைத் தாமே சுமந்த இலங்கையரும் உளர். அப்பாச்சி அக்சிஸ்2/சி என்னும் இணையச்சேவைப் பொறியமைப்பின் ஆக்கத்திலே இலங்கையரின் பங்கே பெரிது. சமிச அபேசிங்க முதலியோர் உழைத்த அத்திட்டத்தின் 1.0 பதிப்பு 2007இலும் 1.6 பதிப்பு 2009இலும் வெளிவந்தன. லினக்சிலும் விண்டோசிலும் ஒரே மூலநிரல் தொகுக்கப்பெற வேண்டும் என்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. அதன் அமைப்பு மாணவர் படித்தறிதற்குரியது. நினைவகம் பெறுதல், பிழை அறிவித்தல், பதிவு எழுதல், இழைகளை நடத்துதல் என்னும் பொறிசார்ந்த பணிகள் யாவும் 'சூழல்' என்னும் ஒரு கட்டமைப்பினுள் ஒடுக்கப்பட்டன. சார்புகள் அச்சூழலை ஓர் உறுப்பாகப் பெற்றன. எந்த முறைமையில் நிற்கின்றோம் என்று உணர்ந்து தக்க கோப்பைத் தெரியும் வேலை ஒரேயொரு தலைப்புக் கோப்பிற்கு விடப்பட்டது. அக்காலத்து மைக்ரோசொவ்ற் தொகுப்பி 1999ஆம் ஆண்டுச் சி விதியைப் பெரும்பாலும் ஏற்றிலது. ஆகலின் மாறிகளைத் தொகுதியின் தலையிலேயே அறிவித்தல் முதலிய பழைய விதிகளுக்கு உட்பட்டே எழுத வேண்டியிருந்தது. புதுமையைக் கைவிடுதல் பெயர்வியல்பிற்கு இறுக்கும் வரி எனலாம்.

இதுவரை கூறியன எல்லார்க்கும் பொது. தமிழ் எழுத்தும் தோட்டத்தார் வரலாறும் நிரலினுள் நுழையும்போது கடன்பட்டியல் நீளுகின்றது.

இலங்கைத் தமிழர் கணினியில் தட்டெழுதிய முதற் காலத்தில் பெரிதும் வழங்கியது 'பாமினி' எழுத்துரு. அது தமிழ் வடிவங்களை ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் குடிவைத்தது. 'அம்மா' என்ற சொல் பொறியினுள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என ஐந்து குறிகளாகவே கிடந்தது. ஆங்கில அரைப்புள்ளி தமிழ்ப் புள்ளியின் வேலையைச் செய்தது. எழுத்துரு இல்லாத கணினிக்கு அக்கோப்புச் சென்றதும் அம்மா மறைந்து அரைப்புள்ளியே எஞ்சும். அகரவரிசைப்படுத்தும் நிரலுக்கும் அது தமிழென்று தெரியாது. வேறு சில எழுத்துருக்களும் குறிமுறைகளும் 128 முதல் 255 வரையான இடங்களில் தமிழை வைத்தன. சி மொழியின் 'சார்' என்னும் எழுத்துவகை குறியுடையதா, குறியற்றதா என்பதை விதிநூல் தொகுப்பியின் விருப்பத்திற்கே விட்டுள்ளது. இன்ரெல் வழிப் பொறிகளில் அது பொதுவாகக் குறியுடையது, ஏ.ஆர்.எம். செயலியில் லினக்ஸ் ஓடும்போது பொதுவாகக் குறியற்றது. அகரம் 171ஆம் இடத்தில் இருப்பதாகக் கொள்ளின், ஒரு பொறியில் அது 171. மற்றொன்றில் அதுவே -85. அவ்வெண்ணைக் கொண்டு அட்டவணையில் இடந்தேடும் நிரல், முதற் பொறியில் சரியான இடத்தையும் மற்றதில் அட்டவணைக்கு வெளியே எவர் வளவிலோ ஓரிடத்தையும் தொடும். ஆங்கிலம் 127ஐக் கடப்பதில்லை. ஆதலால் ஆங்கிலம் மட்டும் எழுதுவோன் வாழ்நாள் முழுவதும் இப்பிழையைச் செய்துகொண்டே அறியாதிருக்கலாம்.

யுனிகோடு இந்நோயின் பெரும்பகுதியைத் தீர்த்தது. 1991இல் வந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. 1992இல் கென் தொம்சனும் றொப் பைக்கும் வகுத்த யு.டி.எப். 8 குறிமுறை பைற்று அடுக்கும் முறையைப் பொருட்படுத்தாது. தமிழ்க் குறியொன்றை மூன்று பைற்றாக எப்பொறியிலும் ஒரே வரிசையில் எழுதும். இலங்கையும் 2008இல் எஸ்.எல்.எஸ். 1326 என்னும் தமிழ்த் தரத்தை வெளியிட்டது. ஆயினும் தொகுப்பிகள் இதிலும் பிரிந்தே நின்றன. ஜி.சி.சி. தொகுப்பி மூலக்கோப்பை யு.டி.எப். 8 எனக் கொள்ளும். மைக்ரோசொவ்ற் தொகுப்பியோ, கோப்பின் தலையில் அடையாளம் இல்லாவிடின், அக்கணினியின் பழைய குறிப்பக்கத்தின்படி வாசிக்கும். அதனை மாற்றும் கட்டளைத் தெரிவு 2016இலேயே வந்தது. 'அகன்ற எழுத்து' வகையோ விண்டோசில் 16 பிற்று, லினக்சில் 32 பிற்று. இது தமிழைத் தாக்காதென்றே பலர் எண்ணினர். நாள்தோறும் வழங்கும் தமிழெழுத்துக்கள் 16 பிற்றுள் அடங்கும் ஆதலின். 2019இல் யுனிகோடு 12.0 பதிப்பு தமிழ்க் கீழ்வாய் எண்களையும் அளவைக் குறிகளையும் 51 குறிகளாகச் சேர்த்தபோது, அவற்றிற்குக் கிடைத்த இடம் 16 பிற்றுக்கு அப்பால். ஆகலின் முந்திரி, காணி, குறுணி முதலிய குறிகளை விண்டோசில் எண்ணும் நிரல் ஒன்றை இரண்டென எண்ணும். லினக்சில் அதே நிரல் ஒன்றையே காணும். பழைய கணக்கேடுகளைக் கணினியில் ஏற்ற முற்படும் மாணவன் அம்முந்திரியில் இடறுவான்.

எழுத்தினும் நாள்கோள் கொடிது. சி விதிநூல் காலத்தை எவ்வாறு எண்ணுவது என வரையறுக்கவில்லை. பொசிக்ஸ் 1970 சனவரி 1 முதலாக நொடிகளை எண்ணும். நடைமுறையில் பிறவும் அவ்வாறே. நாட்களை நொடிகளாகச் சேமிக்கும் பழக்கம் இதனால் பரவிற்று. இலங்கையின் கடிகாரமோ அண்மைக்காலத்தில் மூன்று முறை மாறியது. கிறினிச்சுக்கு ஐந்தரை மணி முந்தியிருந்தது 1996 மே மாதத்தில் ஆறரையாயிற்று; அவ்வாண்டு ஒக்டோபரில் ஆறாயிற்று; 2006 ஏப்பிரலில் மீண்டும் ஐந்தரையாயிற்று. லினக்ஸ் முறைமைகள் இம்மாற்றங்களைப் பட்டியலிட்டு வைத்துள்ளன. விண்டோசின் சி நூலகம் இன்றைய வேறுபாட்டையே எல்லா ஆண்டுகட்கும் பொருத்தும். 1999இல் பலாங்கொடைத் தோட்டமொன்றிற் பிறந்த பிள்ளையின் நாளை, நள்ளிரவு எனக் கொண்டு லினக்சில் நொடியாக்கி, அக்கோப்பை விண்டோசில் திறக்கின் முதல்நாள் இரவு பதினொன்றரை எனக் காட்டும். மணியை நீக்கி நாளை மட்டும் அச்சிடின் பிள்ளை ஒருநாள் முன்னரே பிறந்துவிடும். பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் நாள் வேறுபட்டால் அலுவலகந்தோறும் அலையவேண்டியவர் பெற்றோரே.

தோட்டத் தமிழர்க்கு வேறொரு நாளும் உண்டு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலாரை நாடற்றோராக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை அவர்களை இரு நாட்டுக்குமாகப் பங்கிட்டது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், அதே 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினர்க்கும் அவர்தம் வழித்தோன்றல்கட்கும் குடியுரிமையை நல்கிற்று. இந்நாளுக்கு முன்னரா, பின்னரா என்னும் வினாவிலே ஒரு குடும்பத்தின் உரிமை தங்கியிருந்தது. கணினியின் எண்ணிக்கையிலோ அந்நாள், சுழிக்கு 1,889 நாட்கள் முந்தியது. நொடியிற் கூறின் 16 கோடியே 32 இலட்சத்து 9 ஆயிரத்து 600 குறைவு. லினக்சின் நூலகம் குறைநொடியை ஏற்றுக் கணிக்கும். விண்டோசின் நூலகம் 1970க்கு முந்திய நாளை ஏலாது -1 என விடை தரும். அவ்விடையைச் சோதியாத நிரல், -1ஐயும் ஒரு நொடியாகக் கொண்டு, அந்நாளை 1969 டிசம்பர் 31இன் இறுதி நொடியாக ஒப்புநோக்கும். 1965இல் வந்தவரும் 1964க்கு முன் வந்தவரும் அதன் கண்ணுக்கு ஒன்றே. தொகுப்பி இரு பொறியிலும் ஒரு குறையும் கூறாது.

பெலிகுல்ஓயாவில், சமனலவெவ மின்திட்டத்திற்கென எழுந்த வளவிலே அமைந்த சப்பிரகமுவப் பல்கலைக்கழகத்தில் கணினிக்கல்வி நடைபெறுகின்றது. பலாங்கொடைத் தோட்டங்கள் அங்கிருந்து தொலைவில் இல்லை. இம்மாவட்டத்துப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் பணி அத்தகைய மாணவர் எவர் கையிலும் வரலாம். அப்போது நாளை நொடியாக்காது நாள், திங்கள், ஆண்டு என மூன்று முழுவெண்களாகவும், அவற்றை யு.டி.எப். 8 எழுத்துக்கோப்பில் இலக்கங்களாகவும் எழுதி வைத்தல் வேண்டும். பைற்று அடுக்கும் முறையோ முழுவெண்ணின் நீளமோ மணி வேறுபாடோ 1970ஓ அங்கே நுழைய இடமில்லை. எத்தொகுப்பியிடம் கொடுப்பினும், எம்முறைமையில் திறப்பினும், அக்கோப்பில் 30, 10, 1964 என்று எழுதியது 30, 10, 1964 ஆகவே நிற்கும்.